தீட்சிதரில் ஐந்தே ஐந்து: எதை எடுப்பது, எதை விடுவது?

கமலாலயம் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது திருவாரூர், பிழைப்புக்கு வந்து சேர்ந்தது கோயம்புத்தூர். என் அம்மாவுக்கு 78 வயது. வீணை வாசிப்பவர்; மேடை ஏறியதில்லை, வீட்டோடு சரி. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835இல், நரக சதுர்த்தசி அன்று. அதனால் ஒவ்வொரு தீபாவளியும் விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அம்மா வீணையோடு உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் தீபாவளி லேகியத்துக்கும் முன்னால் தீட்சிதர்தான்.

முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் வாசிப்பார். இந்த ஆண்டு, "ஐந்து உருப்படிக்கு மேல் உட்கார முடியாது. எதெது என்று நீயே சொல்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். இருப்பதிலேயே அழகான ஐந்தை எடுத்து வைக்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முப்பத்தொன்று எழுதியிருந்தேன். ஒன்றைக்கூட அடிக்க மனம் வரவில்லை.

உங்களுக்கு ஐந்துதான் அனுமதி என்றால் எதை எடுப்பீர்கள்? பட்டியல் மட்டும் போதாது, காரணமும் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் சரி.

முதல்வரிசை ரசிகன் | திங்கள், இரவு 9.30

இதற்கா இவ்வளவு யோசனை? வாதாபி கணபதிம் (ஹம்சத்வனி), ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே (காம்போதி), அகிலாண்டேச்வரி (த்விஜாவந்தி), ரங்கபுர விஹார (பிருந்தாவன சாரங்கா), பாலகோபால (பைரவி). எந்த சபாவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்பதும் ஒரு காரணம்தானே.

ஏட்டுச்சுவடி | திங்கள், இரவு 10.05

ரசிகரே, உங்கள் ஐந்தில் இரண்டுக்கு நான் தடை போடுகிறேன். அகிலாண்டேச்வரியும் ரங்கபுர விஹாராவும் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் இல்லை. தீட்சிதரின் தம்பி பாலுசாமியின் பேரன் அவர். அந்தத் தாத்தாவுக்கே சுவீகாரப் பிள்ளையாகப் போனவர். குடும்பத்தில் வழிவழியாக வந்ததை 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டார். அதில் தீட்சிதரின் உருப்படிகள் 229. எந்த சுரத்தை எப்படி அசைப்பது, எங்கே இழுப்பது என்று கமகக் குறிகளோடு கொடுத்திருக்கிறார். (1906இல் அவர் காலமானபோது இரங்கற்பா எழுதியவர் அதே எட்டயபுரத்துக்காரரான பாரதி.) நவக்கிரகக் கிருதிகளிலும் அந்தப் புத்தகத்தில் ஏழுதான் உண்டு, ராகுவும் கேதுவும் அதில் கிடையாது.

அகிலாண்டேச்வரி அழகில்லை என்று நான் சொல்லவில்லை. "தீட்சிதரின் அழகான படைப்பு" என்று கேட்டால் முதலில் அது தீட்சிதருடையது என்று உறுதியாக வேண்டும். த்விஜாவந்திதான் வேண்டும் என்றால் "சேத: ஸ்ரீ பாலகிருஷ்ணம்" இருக்கிறது. ஒருமுறை அதை நிதானமாகக் கேளுங்கள், மற்றதை மறந்துவிடுவீர்கள்.

இன்னொன்று. வாதாபியை இப்போது கச்சேரிகளில் பாடும்போது பல்லவியில் சங்கதி மேல் சங்கதியாக (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது) ஏறுகிறதே, அந்த அடுக்கெல்லாம் பிற்காலத்தார் சேர்த்தவை. ஹம்சத்வனி ராகமே தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதர் கண்டது. அப்பாவின் ராகத்தில் பிள்ளை அடக்கமாகச் செய்துவைத்ததைப் பேரப்பிள்ளைகள் பட்டாசாக்கிவிட்டார்கள்.

முதல்வரிசை ரசிகன் | திங்கள், இரவு 10.11

ஒரு பாட்டு என்னை அழவைத்த பிறகு அதனிடம் போய் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

ஏட்டுச்சுவடி | திங்கள், இரவு 10.14

கேட்க வேண்டாம். அழுதுகொள்ளுங்கள். அப்பன் பெயரை மட்டும் நீங்களாக எழுதிவிடாதீர்கள்.

கீவளூரான் | செவ்வாய், காலை 6.40

கமலாலயம் அவர்களே, நான் உங்கள் பக்கத்து ஊர். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற வழியில் கீவளூர். எங்கள் ஊர்ப் பாட்டு அட்சயலிங்க விபோ. அதைச் சொல்லாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டேன்.

சங்கராபரணம், மிச்ர சாபு. தீட்சிதர் கோயிலுக்கு வந்த நேரத்தில் குருக்கள் நடையைச் சாத்திவிட்டார், அவர் வாசலிலேயே நின்று இதைப் பாடினார், கதவு தானாகத் திறந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: அவசரமாகக் கதவைத் தட்டுகிறவரின் பாட்டாகவா இருக்கிறது? எத்தனை நேரமானாலும் நிற்கிறேன் என்று தூணில் சாய்ந்துகொண்டவரின் பாட்டு அது. "அட்சய" என்ற ஒரு சொல் முடிவதற்குள் பிரகாரத்தில் பாதி தூரம் நடந்துவிடலாம்.

எனக்கு இதில் வேறொரு சுகமும் உண்டு. எங்கள் சாமியின் தமிழ்ப் பெயர் கேடிலியப்பர். "கீழ்வேளூர் ஆளும் கோவைக் கேடிலியை நாடுமவர் கேடிலாரே" என்பது அப்பர் வாக்கு. கேடு இல்லாதவர், அழிவில்லாதவர், அட்சயர். தீட்சிதர் வடமொழியில் பாடியிருக்கிறார் என்று எல்லோரும் தள்ளி நிற்கிறார்கள். அவரோ தேவாரத்துப் பெயரைத்தான் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். சரணத்தில் "பதரீ வன மூல நாயிகா" என்று வரும். பதரி என்றால் இலந்தை. எங்கள் தல மரம். அம்மன் பெயர் வனமுலைநாயகி. "வன மூல" என்று அவர் எழுதியபோது காதில் "வனமுலை" ஒலித்திருக்காதா? இது என் ஊகம்தான். ஆனால் நாற்பது வருடமாக இந்த ஊகத்தோடுதான் அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிரவலுக்கும் (ஒரு வரியை எடுத்து விரித்துப் பாடுவதற்கும்) வித்வான்கள் அந்த இடத்தைத்தான் பிடிப்பார்கள்.

ஐந்தில் ஒன்று இது. மற்ற நான்கையும் நீங்கள் எப்படியோ பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வரிசை | செவ்வாய், காலை 9.20

நான் ஒரு கேள்வி கேட்கலாமா? திட்டக் கூடாது. தியாகராஜர் பாட்டு எனக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது. தெலுங்கு தெரியாவிட்டாலும் மனிதர் ராமனிடம் கோபிக்கிறார், கெஞ்சுகிறார் என்று புரிந்துவிடுகிறது. தீட்சிதர் பாட்டில் எனக்கு ஒரு பெரிய கல் மண்டபம்தான் தெரிகிறது. உள்ளே மனிதர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. "நீயே அது, நீயே இது" என்று நீள நீளமான தொகைச் சொற்கள். பல்லவி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. தியாகராஜர் திராட்சை, தீட்சிதர் தேங்காய் என்று சொல்வார்களே, அந்தத் தேங்காயை எனக்கு இன்னும் யாரும் உடைத்துக் காட்டவில்லை.

தனியாவர்த்தனம் | செவ்வாய், காலை 10.02

அந்தத் தேங்காய் உவமையை உரித்து உரித்து நாரே மிச்சமில்லை, அதை விடுங்கள். மிருதங்கக்காரனாகச் சொல்கிறேன்.

மனிதர் இல்லை என்கிறீர்கள். "ஹிரண்மயீம்" (லலிதா) கேளுங்கள். வீட்டில் வறுமை. அரசனைப் பாடினால் பொன் வரும் என்றார்களாம். அவர் திருமகளைப் பாடினார்: "ஹீன மானவாச்ரயம் த்யஜாமி", அற்ப மனிதரை அண்டிப் பிழைப்பதை விடுகிறேன் என்று. கோபிக்கிற மனிதர் அங்கே இருக்கிறார். குரலை உயர்த்தவில்லை, அவ்வளவுதான்.

நான் தேர்ந்தெடுப்பது வேறு: "திவாகர தனுஜம்", யதுகுலகாம்போதி. சனி பகவான் மேல். வாரத்தின் ஏழு கிரகங்களுக்கும் சூளாதி ஏழு தாளத்தையும் பங்கு வைத்தார் தீட்சிதர். ஞாயிற்றுக்கிழமைச் சூரியனுக்குத் துருவ தாளம், 14 அட்சரம் (தாள எண்ணிக்கை). சந்திரனுக்கு மட்டியம், செவ்வாய்க்கு ரூபகம் என்று போய், சனிக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது ஏக தாளம். நான்கே நான்கு அட்சரம். சின்னத் தாளம்தானே, ஓடலாம் என்று நினைப்பீர்கள். ஓட விடமாட்டார். சனிக்கு மந்தன் என்று பெயர் உண்டல்லவா, ஒரு ராசியைத் தாண்ட இரண்டரை வருடம் எடுப்பவர். அந்த நடை இந்தப் பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு அட்சரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் நான் விரல் வைத்தால் பாட்டு கெட்டுவிடும். இந்தப் பாட்டுக்கு வாசித்துத்தான் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். சனியை முகத்துக்கு நேரே "அதிகுரூர பலதம்" என்று சொல்கிறார்; காக்காய் பிடிக்கவில்லை. அதே மூச்சில் கும்பிடவும் செய்கிறார்.

மேளக்கார வீட்டுப் பெண் | செவ்வாய், காலை 10.31

தீபாவளி விடிந்ததும் அதிகுரூர பலதமா? அண்ணா, நல்ல நாளும் அதுவுமாக!

எங்கள் வீட்டில் நாகசுரம் மூன்று தலைமுறை. நவக்கிரகக் கிருதிகள் பிறந்ததே எங்கள் வகையறாவைச் சேர்ந்த ஒருவரின் வயிற்று வலிக்காக என்று பெருமையாகச் சொல்வார்கள். சுத்த மத்தளம் தம்பியப்பன், தீட்சிதரின் சீடர். வலி தாங்காமல் துடித்தவருக்கு, ஜாதகத்தில் குரு சரியில்லை என்று பார்த்து "ப்ருஹஸ்பதே" (அடாணா) செய்து கொடுத்தாராம். இன்றைக்குச் சங்கீதப் பரம்பரை என்றால் வேறு யார் யாருடைய பெயரோ வருகிறது. தஞ்சை நால்வர் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு அவரிடம்தான் படித்தார்கள். திருவாரூர்க் கமலம் என்ற கோயில் நாட்டியக்காரரும் அவருடைய சீடர். எங்கள் ஆட்கள் அந்த உருப்படிகளைக் கோயில் வாசலிலும் வீதியிலும் ஊதியிருக்காவிட்டால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

என் பட்டியலில் முதல் இடம் "ஸ்ரீ நீலோத்பல நாயிகே", ரீதிகௌளை. திருவாரூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அல்லியங்கோதை சந்நிதி. எல்லோரும் கமலாம்பாளையே பேசுகிறார்கள், இவளும் அதே கோயிலில்தான் இருக்கிறாள்.

கமலாலயம் | செவ்வாய், இரவு 8.50

ஒரே நாளில் இவ்வளவா! அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கீவளூர்க்காரரின் வனமுலை ஊகத்தைக் கேட்டதும் "நல்ல காது" என்றார். தேங்காய் கேட்டவருக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார்: "மண்டபம் என்று தெரிந்துவிட்டதல்லவா, உள்ளே போய் உட்காரச் சொல். வாசலில் நின்றுகொண்டே ஆள் இல்லை என்றால்?"

ஒரு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் ஒரு வருடமாக மடங்க மறுக்கின்றன. மெட்டில் வைத்து அழுத்த முடிகிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வீணைக்காரர்களுக்கு இதன் பொருள் தெரியும். தோடி, பைரவி, ஆகிரி எல்லாம் இழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. ஆகவே எது அழகு என்பதோடு எதற்கு இந்த விரல் வளையும் என்பதும் சேர்ந்துவிட்டது.

வைணிகப் பித்து | செவ்வாய், இரவு 9.25

மன்னிக்க வேண்டும் அம்மா, இது தெரியாமல் நவாவரணம் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இருந்தாலும் போட்டுவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கட்டும்.

கமலாம்பா நவாவரணக் கிருதிகளை ஒன்பதாகப் பிரித்து ஒன்றை மட்டும் பொறுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோடியில் தியானக் கிருதி, பிறகு ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சகானா, கண்டா, ஆகிரி, கடைசியில் ஸ்ரீ ராகத்தில் மங்களம். தியானமும் மங்களமும் போக, நடுவே உள்ள ஒன்பதில் முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில்: கமலாம்பாள் காக்கட்டும், கமலாம்பாளைத் துதி, கமலாம்பாளால் அருளப்பட்டேன் என்று. ஒன்பதாவதில் எட்டு வேற்றுமையும் சேர்ந்து வந்துவிடும். இலக்கண வாய்பாட்டை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படி அழவைக்க முடியும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் நம்பியிருக்க மாட்டேன். கோயிலில் அவள் யோகாசனத்தில் அமர்ந்திருப்பாள். அந்த அமர்வு முழுவதும் இந்தப் பதினொன்றிலும் இருக்கிறது.

தொண்டையைப் பிடித்துக் கேட்டால் கண்டா. எட்டாவது ஆவரணம் (ஸ்ரீ சக்கரத்தின் சுற்று). அந்த ராகம் தோடியைத் தொட்டுப் புன்னாகவராளியை எட்டிப் பார்த்து, தன்யாசி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பும், எங்கேயும் உட்காராது. ஆனால் இதை விறைத்த விரலோடு வாசிக்கச் சொல்வது பாவம்.

தனியாவர்த்தனம் | செவ்வாய், இரவு 9.40

ஆகிரியும் வேண்டாம். காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். தீபாவளி விருந்து போய்விடும்.

எட்டாம் வரிசை | செவ்வாய், இரவு 10.15

அம்மா சொன்னபடி மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறை அட்சயலிங்க விபோ கேட்டேன். முதல் முறை தூங்கிவிட்டேன். இரண்டாவது முறை, பல்லவி திரும்ப எடுக்கும் இடத்தில், கீவளூர்க்காரர் சொன்ன தூண் தெரிந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் ஒருவர் "தியாகராஜ யோக வைபவம்" கேள் என்று அனுப்பினார். அது என்ன, வார்த்தை விளையாட்டுப் போல இருக்கிறதே?

வைணிகப் பித்து | செவ்வாய், இரவு 10.48

விளையாட்டுத்தான். ஆனந்தபைரவி. தியாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜயோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம். ஒரே தொடர் முன்பக்கமாகத் தேய்ந்துகொண்டே வரும். பசுவின் வால் மேலே பருத்துக் கீழே மெலிவதால் இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். சரணத்தில் தலைகீழ்: சம், பிரகாசம், ஸ்வரூபப் பிரகாசம் என்று ஆறு பெருகுவதுபோல் பெருகிப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் உண்டு. எழுத்தை வெட்டினால் சுரமும் தாளமும் சேர்ந்து வெட்டுப்பட வேண்டுமே, அதுவும் பிசகாது.

ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 10.55

கெட்டிக்காரத்தனம். ஆனால் அழகா? குழிக்கரை விசுவநாதர் மேல் 14 ராகத்தில் மாலை கட்டிய "ஸ்ரீ விச்வநாதம்" பற்றியும் எனக்கு இதே சந்தேகம் உண்டு. வியப்பேன், தலை வணங்குவேன், நள்ளிரவில் எழுந்து கேட்க மாட்டேன்.

கமலாலயம் | செவ்வாய், இரவு 11.10

இங்கே நான் ஏட்டுச்சுவடி ஐயாவோடு மோதியே ஆக வேண்டும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் கமலாலயக் குளத்துப் படியில் சின்ன வயதில் உட்கார்ந்து அம்மா எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். வார்த்தை ஒவ்வொன்றாகக் குறையக் குறைய ஒரு படி கீழே இறங்க வேண்டும். "வம்" என்கிறபோது கால் தண்ணீரில் இருக்கும். பிறகு "சம்" என்று ஆரம்பித்து மேலே ஏற வேண்டும். யதி என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. காலில் ஈரம் மட்டும் தெரியும்.

ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 11.13

என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வைணிகப் பித்து | புதன், காலை 7.05

விரல் விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். யமுனா கல்யாணியில் "ஜம்பூபதே" எப்படி? திருவானைக்காவல், நீர்த் தலம். பிடி பிடியாக நின்று நின்று போகும். தோடி அளவுக்கு இழுப்பு கேட்காது. அனுபல்லவியில் "அம்புதி கங்கா காவேரி யமுனா" என்று கடலும் மூன்று ஆறுகளும் வரிசையாக வரும்; ராகத்தின் பெயரில் பாதி அந்த யமுனாவிலேயே ஒளிந்திருக்கிறது. லிங்கத்தின் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரைப் பாட்டில் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு முந்திய வரி "ஹ்ருதய தாபோபசமன", நெஞ்சின் வெக்கையைத் தணிப்பவனே. காசியில் சிதம்பரநாத யோகியுடன் இருந்த காலத்தில் அவர் காதில் விழுந்த வடநாட்டு இசை, காவிரித் தண்ணீரில் கலந்து வந்த மாதிரி இருக்கும்.

பாலர் வகுப்பு | புதன், காலை 11.40

பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். யாருமே நோட்டுசுவரம் பற்றிப் பேசவில்லையே!

தீட்சிதர் குடும்பம் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தது; அந்த ஊர் முதலியார்தான் ஆதரித்தார். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் போட்டார். ஏறக்குறைய நாற்பது இருக்கும். "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்தின் அரச கீதத்தின் மெட்டு. "ச்யாமளே மீனாட்சி" என்று பாடினால் என் வகுப்புக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். மழலையர் பள்ளியில் நட்சத்திரப் பாட்டுப் பாடிய அதே மெட்டு.

இதைச் சொல்லக் காரணம் வேறு. அந்த உருப்படிகளில் கமகம் கிடையாது. சுரங்கள் வெறுமனே நிற்கும். தந்தியை இழுக்கவே தேவையில்லை. மெட்டில் விரலை வைத்து மீட்டினால் போதும்.

முதல்வரிசை ரசிகன் | புதன், மதியம் 12.02

"இருப்பதிலேயே அழகான ஐந்து" என்ற பட்டியலில் பாண்டு வாத்தியமா? வாதாபிக்கு இடமில்லை, இதற்கு இடமா?

பாலர் வகுப்பு | புதன், மதியம் 12.20

பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டில் மதுரை மீனாட்சி வந்து நிற்பது எனக்கு அழகாகத்தான் இருக்கிறது ஐயா.

கமலாலயம் | வியாழன், இரவு 9.00

அம்மாவும் நானும் இன்று மாலை உட்கார்ந்து முடிவு செய்தோம். வரிசை இது:

முதலில் வாதாபி, சங்கதி அடுக்கு இல்லாமல், ஒற்றை மாடி வீடாக. (ரசிகருக்காக, ஏட்டுச்சுவடி ஐயாவுக்காகவும்.) அடுத்து ஜம்பூபதே. பிறகு அட்சயலிங்க விபோ, முடிந்தவரை. நிரவல் கிடையாது, பதரீ வன வரியை மட்டும் இரண்டு தடவை. நான்காவது தியாகராஜ யோக வைபவம். அதை நான் வாய்ப்பாட்டாகப் பாட அம்மா தந்தியை மீட்டிக்கொண்டே வருவார். ஐந்தாவது மீனாட்சி மே முதம் தேஹி. அது எங்கள் வீட்டில் என்றைக்கும் மாறாது. எட்டயபுரத்தில் கடைசி நேரத்தில் சீடர்களை அதைத்தான் பாடச் சொன்னார், "மீனலோசனி பாசமோசனி" என்ற இடத்தில் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லி வரும் சேதி.

அம்மாவின் கவலை அந்த ஐந்தாவதில்தான். இன்று பூர்விகல்யாணி என்று பாடுகிற அந்த ராகத்துக்குத் தீட்சிதர் சம்பிரதாயத்தில் பெயர் கமகக்கிரியா. சரணத்திலேயே "வீணா கான தச கமக க்ரியே" என்று வருகிறது. வீணையில் பத்து விதக் கமகமும் செய்பவளே என்று! "இரண்டுகூட வராத கையை வைத்துக்கொண்டு அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்றார்.

நீலோத்பல நாயிகேவும் சனி பகவானும் கண்டாவும் வெளியே நிற்கிறார்கள். மேளக்கார வீட்டுச் சகோதரியிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்து என்று எல்லை வைத்தது நான் இல்லை.

மேளக்கார வீட்டுப் பெண் | வியாழன், இரவு 9.18

அல்லியங்கோதை அடுத்த வருடம் வருவாள். அம்மாவைத் தினமும் வெந்நீரில் கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கமலாலயம் | தீபாவளி, பகல் 2.30

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் எழுதிவிடுகிறேன்.

நான்கே முக்காலுக்கு உட்கார்ந்தார். வாதாபி நன்றாக வந்தது. ஜம்பூபதேயில் "காவேரி" என்ற இடத்தில் மந்தரத் தந்தியில் ஒரு தடவை மீட்டிவிட்டு, அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தார். எனக்கு அது போதும். அட்சயலிங்க விபோ பல்லவியோடு நின்றுவிட்டது. விரல் ஒத்துழைக்கவில்லை. "கதவு திறக்கவில்லை, பரவாயில்லை, நாளைக்கும் நிற்கலாம்" என்றார். கீவளூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அதற்குப் பிறகு பட்டியலில் இல்லாத ஒன்று நடந்தது. என் பெண்ணுக்கு ஆறு வயது. குளித்துவிட்டுப் புதுப் பாவாடையோடு வந்து, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா எதுவும் சொல்லாமல் "ச்யாமளே மீனாட்சி" எடுத்தார். இழுப்பு இல்லை, வலி இல்லை, ஒரு சுரம்கூடத் தடுமாறவில்லை. ஒரு வருடமாக அவர் வாசித்ததிலேயே முழுதாக வந்தது அதுதான். குழந்தை தன் பள்ளிக்கூடத்துப் பாட்டென்று நினைத்து அதன் வார்த்தைகளையே பாடினாள். அம்மா திருத்தவில்லை.

தியாகராஜ யோக வைபவம் நான் பாடினேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசியில் மீனாட்சி மே முதம். பாதி இழுப்பில் நின்றுவிடுகிற கமகங்கள். எட்ட வேண்டிய சுரத்துக்கு அரை விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டு, மீதியை நம் காதுக்கு விட்டுவிடுகிற மாதிரி. தச கமக வரி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வைணிகப் பித்து | தீபாவளி, பகல் 2.41

பதிவு செய்தீர்களா? தயவுசெய்து செய்தேன் என்று சொல்லுங்கள்.

கமலாலயம் | தீபாவளி, பகல் 2.55

கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மீனாட்சி மே முதம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் மீனலோசனி வருகிற இடத்தில் எதிர்வீட்டுப் பையன் ஆயிரம்வாலா வைத்துவிட்டான். ஒன்றரை நிமிடம் அதுதான் கேட்கிறது. அது ஓய்ந்த பிறகு தாளத் தந்தி மட்டும் கேட்கிறது, அதற்குப் பின்னால் சரணம்.

தனியாவர்த்தனம் | தீபாவளி, பகல் 3.02

அந்த ஒன்றரை நிமிடத்தையும் வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.